பழம் இனிக்கட்டும், சீனி குறையட்டும்: வீட்டிலேயே செய்யக்கூடிய பழப் பலகாரங்கள்

நீரிழிவு, அதாவது நம் வீடுகளில் சொல்லும் 'இனிப்பு நீர்', இருப்பதாகத் தெரிந்தவுடன் பலர் முதலில் செய்வது சமையலறையில் இருக்கும் வெள்ளைச் சீனி டப்பாவை அப்புறப்படுத்துவதுதான். அந்த இடத்தில் தேன், கருப்பட்டி, குலா மலாக்கா, பேரீச்சம் பாகு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்துவிடும். "இது இயற்கையானது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கையில் முன்பு ஒரு கரண்டி போட்ட இடத்தில் ஒன்றரைக் கரண்டி விழும். சில மாதங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது, "சீனியை நிறுத்திவிட்டேனே, ஏன் இன்னும் குறையவில்லை?" என்ற கேள்வி எழும்.

கேக், டார்ட், சுட்ட பழம் போன்றவற்றைக் குறைந்த சீனியில் எப்படிச் செய்வது என்று இங்கே பார்ப்போம். இனிப்பை முற்றிலும் கைவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தீபாவளிக்கும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் ஏதாவது செய்யத்தான் போகிறீர்கள். அதை எப்படிச் செய்தால் சீனி உண்மையிலேயே குறையும் என்பதே இங்கு முக்கியம்.

நிறம் மாறினாலும் சீனி சீனிதான்

ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனி ஏறக்குறைய 4 முதல் 5 கிராம் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உண்டு. அதே மேசைக்கரண்டியில் வெள்ளைச் சீனியை அள்ளினால் 12 அல்லது 13 கிராம்தான் வரும். தேன் கெட்டியாகவும் கனமாகவும் இருப்பதே காரணம். ஆகவே, கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் தேன் சேர்த்த கேக்கில் சர்க்கரை கூடுமே தவிர குறையாது. தேன் சற்று அதிகமாக இனிக்கும் என்பதால் அளவைக் குறைத்துப் போட்டால் மட்டுமே ஏதாவது பலன் உண்டு.

குலா மலாக்காவும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் அப்படித்தான். அவற்றின் மணமும் நிறமும் வேறு. ஆனால் பெரும்பகுதி, வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். "கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆனால் ஒரு கரண்டியில் கிடைப்பது மிகச் சிறிதளவே. இரும்புச்சத்துக்காகக் கருப்பட்டி சாப்பிடுவதைவிடக் கீரையும் பருப்பும் மீனும் சாப்பிடுவது நல்லது.

உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், உணவில் நாம் தனியாகச் சேர்க்கும் சீனியோடு தேன், பாகு, பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் சேர்த்திருக்கிறது. நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இந்தக் கணக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது; 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 25 கிராம் என்பது சுமார் 5 தேக்கரண்டி. காலையில் குடிக்கும் ஒரு குவளை இனிப்புக் கோப்பியிலேயே அதில் பாதி போய்விடக்கூடும்.

இந்தக் கணக்கில் முழுப் பழத்தில் உள்ள சர்க்கரை சேராது. நமக்கு வழிவிடும் இடம் அதுதான்.

பழம் ஏன் வேறு?

முழுப் பழத்தில் சர்க்கரையோடு நார்ச்சத்தும் நீரும் சேர்ந்து இருக்கின்றன. மென்று சாப்பிட நேரம் ஆகும், வயிறும் நிறையும். அதனால் ஒரு பழத்தோடு நிறுத்திக்கொள்வோம். சாறு பிழிந்தால் மூன்று ஆரஞ்சுப் பழங்களை ஒரே மூச்சில் குடித்துவிட முடியும். நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும்.

பலகாரம் செய்யும்போது பழத்தை மசிக்கிறோம், சுடுகிறோம், சில சமயம் நீர் வற்றும்வரை காய்ச்சுகிறோம். மசித்த பழத்தில் நார்ச்சத்து இருக்கும், ஆனால் வேகமாகச் சாப்பிட்டுவிடுவோம். நீர் வற்ற வற்றச் சர்க்கரை ஒன்றுதிரண்டுவிடும். தோல் நீக்கிய 800 கிராம் அன்னாசியில் சுமார் 80 கிராம் சர்க்கரை இயற்கையாகவே உண்டு. அதைக் காய்ச்சி 250 கிராம் ஜாம் ஆக்கினாலும் அந்த 80 கிராம் எங்கும் போய்விடாது. ஒரு சிறு டார்ட்டுக்குள் வைக்கும் 15 கிராம் உருண்டையில் ஒரு தேக்கரண்டிக்குச் சமமான சர்க்கரை இருக்கும். சீனியே போடாமல் செய்த ஜாமுக்கே இந்தக் கணக்கு. வழக்கமான முறையில் இதன்மேல் 200, 300 கிராம் சீனியைக் கொட்டுகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உலர்ந்த பழங்களும் இதே வகைதான். பேரீச்சம்பழத்திலும் உலர்திராட்சையிலும் நீர் குறைவு, சர்க்கரை அதிகம். ஒரு பெரிய மெஜூல் பேரீச்சம்பழத்தில் மட்டும் சுமார் 16 கிராம் சர்க்கரை உண்டு. கேக்கில் நான்கைந்து சிறிய பழங்கள் சேர்ப்பது சரி. கிண்ணம் நிறையச் சேர்த்துவிட்டு "சீனியே போடவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை.

சீனியைக் குறைத்தால் கேக் என்ன ஆகும்?

கேக்கில் சீனி இனிப்புக்காக மட்டும் இருப்பதில்லை. அது ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, மாவை மிருதுவாக்குகிறது, மேற்புறம் பொன்னிறமாக உதவுகிறது. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றை உள்ளே இழுத்து கேக்கை எழும்பவும் வைக்கிறது. அதனால்தான் சீனியை ஒரேயடியாக நிறுத்தியவர்களின் கேக் செங்கல்போல் ஆகிவிடுகிறது. "இதெல்லாம் நமக்குச் சரிவராது" என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு நல்ல கேக் செய்முறை இருந்தால் முதல் முறை அதில் உள்ள சீனியில் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். பெரும்பாலான கேக்குகளில் இந்த வேறுபாடு வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்கும் மேல் குறைக்க வேண்டுமானால் சீனி செய்த வேலையை வேறு ஏதாவது செய்ய வேண்டும். மசித்த வாழைப்பழம், வேகவைத்து மசித்த ஆப்பிள், தயிர் ஆகியவை ஈரம் கொடுக்கும். முட்டையை நன்றாக நுரை வர அடித்தால் கேக் எழும்பும். ஏலக்காய், பட்டைத்தூள், வெனிலா, ஆரஞ்சுத் தோல் துருவல், பாண்டான் இலை ஆகியவற்றின் மணம் நாக்குக்கு இனிப்பு கூடியதுபோல் காட்டும். ஒரு சிட்டிகை உப்பும் அதற்கு உதவும். ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம்.

வயது ஏற ஏறச் சுவையும் மணமும் உணரும் திறன் மெல்லக் குறைவது இயல்பு. சில மருந்துகளும் நாக்கின் சுவையை மாற்றும். எனவே "ருசி பார்த்து" சீனி போடும் பழக்கம் இருந்தால், நமக்குத் தெரியாமலேயே ஆண்டுக்கு ஆண்டு அளவு கூடிக்கொண்டே போகும். இத்தனை ஆண்டுகளாகக் கண் அளவில் சமைத்த கைகளிடம் அளவுக்கரண்டியைப் பயன்படுத்தச் சொல்வது சற்று வேடிக்கைதான். ஆனால் இனிப்பு விஷயத்தில் மட்டுமாவது கரண்டியையும் தராசையும் நம்புங்கள். குறைந்த இனிப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். பழகிய பிறகு கடைக் கேக் திகட்டத் தொடங்கும்.

வாழைப்பழ ஓட்ஸ் கேக்

தோலில் கரும்புள்ளிகள் விழுந்து, யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும் வாழைப்பழம்தான் இதற்குச் சிறந்தது. பழுக்கப் பழுக்க அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் தனியாக இனிப்பு வேண்டியதில்லை. பீசாங் மாஸ் போன்ற சிறிய வகையானால் ஐந்தாறு பழங்கள் தேவைப்படும். பெரியதானால் மூன்று போதும். உரித்த பிறகு 300 கிராம் இருக்க வேண்டும்.

மற்றப் பொருள்கள்: முழுக் கோதுமை ஆட்டா மாவு 150 கிராம், ஓட்ஸ் 50 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, முட்டை 2, இனிப்பில்லாத கொழுப்புக் குறைந்த தயிர் 100 கிராம், சமையல் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கொட்டை நீக்கிய சிறிய பேரீச்சம்பழம் 6, ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி 4 மேசைக்கரண்டி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு அந்த நீரோடு சேர்த்து முள்கரண்டியால் மசியுங்கள். வாழைப்பழத்தையும் மசித்து அதில் சேருங்கள். வேறொரு பாத்திரத்தில் முட்டையை நுரை வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் அடித்து, தயிரும் எண்ணெயும் சேர்த்து, பழக் கலவையோடு கலந்துகொள்ளுங்கள். உலர்ந்த பொருள்களை எல்லாம் ஒன்றாகக் கலந்து இதில் கொட்டி, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் கேக் ரப்பர்போல் ஆகிவிடும். கலவை இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். மிகவும் கெட்டியானால் இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம்.

இதை ஒரே பெரிய அச்சில் ஊற்றுவதைவிட 12 சிறிய மஃபின் கிண்ணங்களில் ஊற்றுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். பெரிய கேக்கை வெட்டும்போது துண்டின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், கிண்ணத்தில் மாறாது. ஓவனை 175 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சிறு கிண்ணங்களை 20 முதல் 25 நிமிடமும் நீள அச்சானால் 40 முதல் 45 நிமிடமும் வையுங்கள். நடுவில் குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும். சீனி குறைவு என்பதால் மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது. சிவக்கட்டும் என்று கூடுதல் நேரம் வைத்தால் கேக் வறண்டுவிடும்.

ஓவன் இல்லாத வீடுகளில் இட்லிப் பானையோ ஸ்டீமரோ போதும். மூடியைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி, நீர்த்துளி கேக்கின்மேல் விழாமல் 40 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மேற்புறம் வெளிறி இருக்கும். உள்ளே மிகவும் மிருதுவாக இருக்கும். பல் செட் அணிபவர்களுக்கு உண்மையில் இதுவே வசதி. மென்மையாக மெல்ல வேண்டியவர்களுக்காக ஓட்ஸை மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம்.

ஒரு சிறு கேக்கில் சுமார் 5 முதல் 6 கிராம் சர்க்கரைதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பழத்திலிருந்து வருவது. வழக்கமான வாழைப்பழக் கேக்கில் 200 கிராம் சீனி போட்டு 12 துண்டாக வெட்டினால், வெள்ளைச் சீனி மட்டுமே ஒரு துண்டுக்கு 17 கிராம் வரும். ஆனால் மாவு, ஓட்ஸ், பழம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நம் சிறு கேக் ஒன்றிலும் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து உண்டு. அதாவது ஒரு துண்டு ரொட்டியைவிடச் சற்று அதிகம். நீரிழிவு உள்ளவர்கள் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். சோறு, ரசம், பொரியல் என்று வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதன்மேல் இதையும் சாப்பிடுவது சரியல்ல. மாலைத் தேநீரோடு வழக்கமாகச் சாப்பிடும் ரொட்டிக்கோ பிஸ்கட்டுக்கோ பதிலாக ஒன்று சாப்பிடலாம். தேநீரில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால் செய்த வேலை வீண்; ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் சீனி இருக்கிறது.

சுட்ட அன்னாசியும் ஆப்பிளும்

கேக் செய்யப் பொறுமை இல்லாத நாள்களுக்கு இது. நன்கு பழுத்த அன்னாசியை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி, பேக்கிங் தாளின்மேல் பரப்பி, ஏலக்காய்த்தூளும் சிறிது மிளகுத்தூளும் தூவி 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். இடையில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஓரங்கள் தானாகவே பழுப்பாகும், புளிப்பு அடங்கும், இனிப்பு மேலெழும். எலுமிச்சை பிழிந்து, இனிப்பில்லாத தயிரோடு இளஞ்சூடாகச் சாப்பிடலாம். ஏர் ஃப்ரையரில் இன்னும் விரைவாகவே ஆகிவிடும்; பத்து நிமிடத்திற்குப் பிறகு எட்டிப் பாருங்கள்.

ஆப்பிளானால் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு, பொடித்த வேர்க்கடலையும் நறுக்கிய ஒரு சிறிய பேரீச்சம்பழமும் பட்டைத்தூளும் திணித்து, தட்டில் சிறிது நீர் ஊற்றி 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் வையுங்கள். தோலோடு கரண்டியால் வெட்டிச் சாப்பிடும் அளவுக்கு வெந்துவிடும். சிறிய ஆப்பிள் ஒன்று, ஒரு பங்குப் பழம். நாள் ஒன்றுக்கு இரண்டு பங்குப் பழமும் இரண்டு பங்குக் காய்கறியும் என்பது சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் பரிந்துரை. இந்தச் சுட்ட ஆப்பிளை அந்த இரண்டில் ஒன்றாகவே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

டின்னில் அடைத்த பழம் வாங்கினால் பாகில் ஊறியதைத் தவிர்த்து, சாற்றில் உள்ளதை வாங்கி, சாற்றை வடித்துவிடுங்கள். 'சீனி சேர்க்கப்படவில்லை' என்ற எழுத்தைப் பொட்டலத்தின்மேல் பார்த்ததும் திருப்தி அடைந்துவிட வேண்டாம். பின்புறத்தில் சத்துப் பட்டியலில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். எழுத்து சிறியதாக இருந்தால் பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ படிக்கச் சொல்லுங்கள். சிரப், டெக்ஸ்ட்ரோஸ், செறிவூட்டிய பழச்சாறு ஆகியவை எல்லாம் சீனியின் வேறு பெயர்கள்தாம்.

ஸ்டீவியா போடலாமா?

ஸ்டீவியா ஓர் இலையிலிருந்தும், மங்க் ஃபுரூட் ஒரு பழத்திலிருந்தும் எடுக்கப்படுபவை. இவை இரத்தச் சர்க்கரையை உயர்த்துவதில்லை. ஆனால் சீனிபோல் ஈரம் பிடிக்காது, பருமனும் தராது. ஆகவே கேக்கில் இதை மட்டும் நம்ப முடியாது. தயிரோ மசித்த பழமோ துணைக்கு வேண்டும். சிலருக்கு ஸ்டீவியாவின் கடைசிச் சுவை கசக்கும். கடையில் விற்கும் பல பொடிகளில் எரித்ரிட்டோல் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் கலந்திருக்கும். அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். 2023-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக ஸ்டீவியா உள்ளிட்ட சீனியற்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களைக் குறித்ததல்ல. நீரிழிவு உள்ளவர்கள் எப்போதாவது சிறிதளவு சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் நாக்கை இனிப்புக்கே பழக்கி வைத்திருப்பதைவிட, பழத்தின் இனிப்பே போதும் என்ற நிலைக்கு வருவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை அளவு 4.0-க்குக் கீழே இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்த நேரத்தில் இந்தக் கேக்கையோ சுட்ட பழத்தையோ சாப்பிடாதீர்கள். நார்ச்சத்தும் கொழுப்பும் இருப்பதால் இவை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஸ்டீவியா கலந்த பானம் அறவே உதவாது. உடனடியாக 3 தேக்கரண்டி சீனியையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவைச் சோதித்துப் பாருங்கள். இன்னும் 4.0-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதையே செய்யுங்கள். மயக்கமாக இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 995-ஐ அழையுங்கள். ஆகவே வீட்டில் சீனியை அடியோடு ஒழித்துவிட வேண்டாம். ஒரு சிறு டப்பாவில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், மருந்துபோல வைத்திருங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களில் பலரிடம் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். வாழைப்பழத்திலும் பேரீச்சம்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். அவர்களுக்கு மேலே சொன்ன வாழைப்பழக் கேக் பொருந்தாது. ஆப்பிள், பேரிக்காய், அன்னாசி ஆகியவற்றில் அது குறைவு. ஆனாலும் எவ்வளவு சாப்பிடலாம் என்பதைப் பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ உள்ள உணவியல் நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டார் ஃபுரூட் என்னும் நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் பச்சையாகவோ சமைத்தோ சாறாகவோ தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார், தாத்தாமார் கவனத்திற்கு: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனோ, தேன் கலந்த பலகாரமோ கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் வீட்டு ஓவனின் சூட்டில் சாவதில்லை. குழந்தையின் குடலில் வளர்ந்து கடும் நோயை உண்டாக்கும். நாக்கில் தேன் தடவும் பழைய வழக்கத்திற்கும் இது பொருந்தும்.

எடுத்து வைப்பது எப்படி?

சீனி பலகாரத்தைக் கெடாமல் காக்கும் பொருளும்கூட. அது குறையும்போது, நம் ஊரின் ஈரக் காற்றில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கலாம். கேக் நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். மிச்சத்தை ஒவ்வொன்றாகச் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம்வரை தாங்கும். வேண்டும்போது ஒன்றை மட்டும் எடுத்து ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தால் புதிதாகச் செய்ததுபோல் இருக்கும். சீனி குறைந்த அன்னாசி ஜாமும் குளிர்பதனப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒரு வாரத்திற்கு மட்டுமே. பண்டிகைக்கு உறவினர்களுக்குக் கொடுப்பதானால் டப்பாவின்மேல் செய்த தேதியையும், 'வாழைப்பழம், பேரீச்சம்பழம், முட்டை, கோதுமை சேர்த்தது' என்பதுபோல் உள்ளே இருப்பவற்றையும் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.